காவலுக்கு எட்டு தங்க மீன்

வாங்க சம்மந்தியம்மா, வாங்க. அந்த நாற்காலி வேண்டாமுங்க, இக்கட்டால வந்து கதவோரமா உக்காருங்க. அங்க உக்காந்தா மீன் தொட்டி நேராக் கண்ணுல படும். தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்களை மட்டும் சொல்லலை. ஆரு வந்தாலும் இதேதான். சிலிண்டர் கொண்டாரவனையே வாசப்படியோட நிறுத்திப்போடறவ நான். உள்ள உருட்டிட்டு வர்றது நானேதான், இடுப்பு போனாப் போகட்டும்னு.

தனியாவா வந்தீங்க? கோபியில இருந்து கோயமுத்தூருக்குத் தனியா? காருலயா, செரி. மாடிப்படி ஏறி வரப்ப கீழ் வீட்டு வாணி எட்டிப் பாத்தாளா? என்ன கேட்டா? யார் வீட்டுக்குன்னா? மாடியில இருக்கறதே ஒரு வீடு, இதுல யார் வீட்டுக்குன்னு ஒரு கேள்வி. பாருங்க, அதுதான் வாணி. பையில என்னங்க? தாம்பாளமா. வெத்தலை, பழம், பூ, சேலை. அதை அப்படியே கீழ வைங்க, அப்பறமேட்டு எடுத்துக்கறேன்.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமுங்க. என்ற பொண்ணுக்கு ஏழாம் மாசம் நடக்குது. வளையல் போட்டு, கட்டுசோறு கட்டி, அம்மா வீட்டுக்குத் தாட்டி விடோணும். தலைப்பிரசவம் பொறந்த வீட்டுல பாக்கறதுதான மொறை. மாமியாரே படியேறி வந்து கூப்பிடறீங்க, பெரிய மனசு. ஆனா நான் வளைகாப்புக்கு வரலைங்க. சௌந்தர்யாவை இங்க அனுப்பவும் வேண்டாம்.

இருங்க, எந்திரிக்காதீங்க. கோவத்துல சொல்லலை. ஊருக்குள்ள என்ன பேசறாங்கன்னு தெரியும். பொண்ணு இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா, ஆத்தாக்காரி வைராக்கியம் புடிச்சு உக்காந்திருக்கறான்னு பேசறாங்க. பேசட்டும். உங்களுக்கு மட்டும் சொல்றேன். காப்பியைக் குடிங்க, ஆறிப்போகும். ஏனுங்க, ஒரு வாய் குடிச்சுட்டு வெச்சுட்டீங்க? சக்கரை கம்மியா, இல்ல எங்க வீட்டுல குடிக்க யோசனையா? செரி விடுங்க, நம்ம கொணம் அப்படி, கேட்டாத்தான் ஆறும்.

எங்கூட்டுக்காரர் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனதும் புத்தி மீன் மேல போச்சு. கலர் மீனுங்க. வட்டமாத் தட்டையா, மேலயும் கீழயும் றெக்கை நீட்டிட்டுப் போகுமே, அது ஏஞ்சலாமா. அப்பறம் நகத்தளவுதான் இருக்கும், உடம்புல நீலக்கோடு மினுங்கும், அது நியான். வெதுவெதுன்னு தண்ணி இருந்தாத்தான் அதுக பொழைக்கும்னு தொட்டிக்குள்ள ஒரு ஹீட்டரை மாட்டி விட்டார். மார்கழி மாசம் நான் பச்சைத் தண்ணியில பாத்திரம் கழுவோணும், மீனுக்குக் கரண்ட்டுல வெந்நி. சொன்னாச் சிரிப்பார். ஒரு பெரிய ஏஞ்சல் இருந்துது, அவர் வெரலை நீட்டினா வந்து முத்தம் குடுக்கும். அதைப் பாத்துட்டே அரை நாள் உக்காந்திருப்பார்.

அவர் போனப்ப, இந்தத் தொட்டியில ஒரு மீன், ஒரே ஒரு மீன் கூடச் சாகலைங்க. காலையில நல்லாப் பேசிட்டு இருந்த மனுசன் மத்தியானத்துக்குள்ள இல்ல. மீனுக பாட்டுக்கு வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு, தீனி எங்கடான்னு நிக்குதுங்க. காரியத்துக்கு வந்த எங்க நங்கையா, அதான் எங்கூட்டுக்காரர் தங்கச்சி, ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டியாந்தா. அவர் தொட்டியப் பாத்துட்டுச் சொன்னார், இதெல்லாம் அழகுக்கு வெக்கற மீனம்மா, தங்க மீனா இருந்திருந்தா வீட்டுக்கு வர்ற கண்டத்தை அது வாங்கிட்டுச் செத்திருக்கும், அய்யா பொழைச்சிருப்பார்னு.

அந்த வார்த்தை என்ற நெஞ்சுல முள்ளாட்டத் தச்சுப்போச்சுங்க. ஒரு தங்க மீன் இருந்திருந்தா அவர் இருந்திருப்பார். இத்தனை வருசம் உக்காந்து தின்ன கலர் மீன் ஒண்ணுக்குக் கூட நன்றியில்ல. எனக்கு மிச்சம் இருக்கறது ஒரே பொண்ணு. அவளுக்கு ஒண்ணு ஆகிறக்கூடாதுன்னு அடுத்த வாரமே போயி எட்டு தங்க மீனும் ஒரு கறுப்பு மீனும் வாங்கியாந்தேன். அதுதான் கணக்காமா, எட்டு தங்கம் ஒரு கறுப்பு. கடையில இருந்த பொண்ணு, வீட்டுல தொட்டி இருக்குதா, அதுல என்ன மீன் இருக்குதுன்னு கேட்டா. ஏஞ்சல்னேன். அப்படின்னா இதுக்குத் தனித் தொட்டி வாங்கிக்கோங்கன்னா. தெரியாதா எனக்கு, ஒண்ணு வாங்க வந்தவ தலையில ரெண்டு கட்டற வித்தை. வேண்டாம் கண்ணுன்னு சொல்லிப்போட்டு வந்து, எல்லாத்தையும் ஒரே தொட்டியில விட்டேன்.

அன்னையில இருந்துதானுங்க எனக்கு மனுசங்க தெரிஞ்சுது. அதுவரைக்கும் வர்றவங்க எல்லாரையும் நல்லவங்கன்னு நெனைச்சுட்டு இருந்தேன், வெகுளி.

பொங்கலுக்குக் கீழ் வீட்டு வாணி கிண்ணத்துல சக்கரைப் பொங்கல் கொண்டாந்தா. தொட்டிகிட்ட நின்னு, எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்கன்னு ஒரு பெருமூச்சு. மறுநா பாத்தா நியான்ல ஒண்ணைக் காணோம். செத்திருந்தா மிதக்கோணுமில்லைங்க? மிதக்கலை. தொட்டிக்குப் பின்னால, சோபாவுக்கு அடியில, எங்கயும் இல்ல. மறுக்கா கிண்ணத்தை வாங்க வந்தா, அன்னைக்கு ரெண்டைக் காணோம். பொணம் கூட மிச்சமில்லாமத் திங்குதுன்னா அது எப்பேர்ப்பட்ட கண்ணுன்னு யோசிச்சுப் பாருங்க. நோம்பி நாள்ல பலகாரம் மாத்திக்கறதை அதோட நிறுத்தினேன். தங்க மீனுங்க மட்டும் வயிறு ரொம்பி மொழுமொழுன்னு இருந்துதுங்க. காவலுக்கு வந்ததுன்னா அப்படித்தான் இருக்கோணும், நோஞ்சானா இருந்தாக் காவல் காக்குமான்னு எனக்குப் பெருமை.

தங்க மீன்தான வாங்கிக்கும், நியான் எப்படிச் சாகுதுன்னு கேக்கறீங்களா? நானும் அதை யோசிச்சேன். கூடவே பொழங்கிப் பொழங்கி அதுகளும் கத்துக்கிச்சுன்னு வெச்சுக்கோங்க. நல்லதோட சேந்தா நல்ல புத்தி வரும்.

அடுத்து எங்க நங்கையா. பையனுக்குக் கலியாணம்னு பத்திரிகை வெக்க வந்தா. அண்ணன் இருந்திருந்தா எப்படிச் செஞ்சிருப்பார்னு அழுதா. அழுதுட்டே சோறும் ரெண்டு தரம் வாங்கித் தின்னா. அவ போன மறுநா கறுப்பு மீன் தலைகீழாக் கெடக்குது. வாஸ்துக்காரரைக் கூட்டியாந்தவளே அவதான், அவ கண்ணே இப்படின்னா வெளியாளை என்ன சொல்றது. கலியாணத்துக்கு நான் போகலை. சௌந்தர்யா மட்டும் போயிட்டு வந்தா, என்னோட பேச்சில்ல. தொட்டி கலங்கலா இருந்துது, அவதான் பாதித் தண்ணிய எடுத்துப்போட்டுப் புதுத் தண்ணி ஊத்தினா. தண்ணி மாத்தறது எப்பவும் அவ வேலைங்க. அவ அப்பன்கிட்ட இருந்து பழகினது.

அப்பறம் நீங்க வந்தீங்க.

கோவிச்சுக்காதீங்க, மனசுல இருக்கறதைச் சொல்லிப்போடறேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு உங்களை எனக்குப் புடிச்சிருந்துது. நீங்க தரையில உக்காந்து தட்டு வாங்கினீங்க, பந்தா இல்ல. உங்க பையன் பிரதீப்பும் மூக்கும் முழியுமாத்தான் இருந்தார். சௌந்தர்யா சமையக்கட்டுல வந்து எனக்குப் புடிச்சிருக்கு அம்மான்னு காதுல சொன்னா, அதுக்கு முன்னால வந்த எவனையும் அப்படிச் சொன்னதில்ல. எல்லாம் கூடி வருதுன்னு நான் பூரிச்சுப்போயி நிக்கறேன். உங்க பையன் எந்திரிச்சு நேராப் போயி தொட்டிகிட்ட குனிஞ்சார். கண்ணாடியத் தொட்டுப் பாத்தார். அப்பறம் எல்லாரும் கேக்கறாப்ல சொன்னார்.

"ஆன்ட்டி, தங்க மீனுக்குத் தண்ணி சில்லுனு இருக்கோணும். ஏஞ்சலுக்கு வெதுவெதுன்னு வேணும். ரெண்டும் ஒரே தொட்டியில சேந்து வாழாதுங்க. ஏதோ ஒண்ணு செத்துரும்."

பொண்ணு பாக்க வந்த வீட்டுல, பூ வெக்கற நேரத்துல, சேந்து வாழாது, செத்துரும். நல்ல வாயில வர்ற வார்த்தைங்களா அது? நீங்களும் சிரிச்சுட்டே, சின்ன வயசுல இவன் தொட்டி வெச்சு வளத்தவன், மீனைப் பாத்தா விடமாட்டான்னீங்க. நானும் சிரிச்சேன். மறுநா காலையில பாத்தா எங்கூட்டுக்காரர் வெரலுக்கு முத்தம் குடுக்குமே, அந்த ஏஞ்சல், அது பக்கவாட்டுல மெதக்குது. றெக்கை எல்லாம் நார் நாராக் கிழிஞ்சிருந்துது.

அதனாலதான் ஜாதகம் பொருந்தலைன்னு போன்ல சொல்லிப்போட்டேன். பொய்தான். உங்க பையன் கண்ணு பொல்லாததுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ல முடியுங்களா?

சௌந்தர்யா எங்கிட்ட ரெண்டு நாள் மல்லுக்கு நின்னா. அம்மா, அவர் சொன்னது மீனைப் பத்தித்தான், நம்மளைப் பத்தி இல்ல. தங்க மீன் ரொம்ப அசிங்கம் பண்ணுமாமா, அந்தத் தண்ணி ஏஞ்சலுக்கு ஆகாதாமா, றெக்கையக் கடிக்குமாமா, சின்ன மீனை முழுங்கிருமாமான்னு ஒரே ஆமா. எனக்குப் பொறி தட்டுச்சு. இந்த ஆமாவெல்லாம் ஆரு சொல்லிக் குடுக்கறா? வேண்டாம்னு சொன்னதுக்கு அப்பறமும் போன்ல பேச்சு நடக்குது. போனை எடுத்துப் பாத்தேன், நடந்துட்டுத்தான் இருந்துது. ஒரு நாள் ஆட்டோவுல ஒரு சின்னத் தொட்டியக் கொண்டாந்து எறக்கினா. தங்க மீனை இதுல விட்டுரலாம் அம்மா, ரெண்டும் பொழைச்சுக்கும்னா. காவக்காரனைக் கொண்டுபோயி அடுத்த வீட்டுல வெச்சா இந்த வீட்டுக்கு ஆருடி காவல்னு கேட்டேன். அந்தத் தொட்டி அந்தா, மொட்டை மாடிக்குப் போற படியில கெடக்குது, இப்ப நான் அதுல கருவேப்பிலை நட்டு வெச்சிருக்கறேன்.

அவ பொறப்பட்டுப் போன அன்னைக்கு அழுகலைங்க. பையத் தோள்ல மாட்டிட்டு நின்னு, "அம்மா, நான் உன்னை விட்டுட்டுப் போகலை. நீ கூப்பிட்டாப் போதும், அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்"னு சொன்னா. உங்க ஊர்க் கோயில்ல நீங்களே முன்ன நின்னு கலியாணத்தை முடிச்சு வெச்சீங்கன்னு கேள்விப்பட்டேன். நகை போட்டு அனுப்பாத பொண்ணை அப்படி மடியில தூக்கி வெச்சுக்கறாங்கன்னா உள்ளுக்குள்ள என்ன திட்டமோன்னு கூட நெனைச்சேன். நெனைச்சதைச் சொல்றேன், உங்க மூஞ்சி வாடுது. விடுங்க. ஒரு திட்டமும் இல்லைன்னு இப்பத் தெரியுது.

அவ போனதுக்கு அப்பறம் இந்த வாசப்படியத் தாண்டி ஒருத்தரும் உள்ள வரலைங்க. பால் பாக்கெட்டுக்குப் பையக் கேட்டுல தொங்க விட்டிருக்கறேன். கரண்ட்டுக்காரர் மீட்டரைக் கீழயே பாத்துக்குவார். கண்ணுங்கறதே இல்லாத வீடு. கலர் மீன் எல்லாம் போயிருச்சு, தங்க மீனும் எட்டுல ரெண்டு போயி ஆறு இருந்துது. எங்கூட்டுக்காரர் போட்ட ஹீட்டரை மட்டும் நான் நிறுத்தலை. அதுல எரியற செவப்பு லைட்டைப் பாத்தா அவர் பக்கத்துல உக்காந்திருக்கறாப்ல இருக்கும்.

அப்பத்தான் பிரதீப் போன் பண்ணினார், சௌந்தர்யா முழுகாம இருக்கறான்னு. நீங்களும் வாங்கிப் பேசினீங்க. செரிங்க செரிங்கன்னு ரெண்டே வார்த்தையில வெச்சுட்டேன், ஞாபகமிருக்குங்களா? வெச்சுப்போட்டு அந்தத் தொட்டிகிட்ட வந்து தரையில உக்காந்தேன். அழுதேனா சிரிச்சேனான்னு தெரியலை. மீனுககிட்டச் சொன்னேன், என்ற பொண்ணு மாசமா இருக்கறாடின்னு. அவ வயிறு எப்படி இருக்கும், நடை எப்படி இருக்கும், கன்னம் சதை போட்டிருக்குமான்னு நெனைச்சு நெனைச்சுப் பாத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் பூரா அவ மேலதான் கண்ணு. சந்தோசம் தாங்காம மீனுக்கும் தீனிய அள்ளி அள்ளிப் போட்டேன், டப்பா காலியாகற வரைக்கும். அதுகளும் தின்னட்டும், நல்ல நாளும் அதுவுமா.

விடிஞ்சு பாத்தா நாலு தங்க மீன் மெதக்குதுங்க. தண்ணி பால் கலந்தாப்ல வெளுத்துக் கெடக்குது.

ஆரு வந்தா? ஆரும் வரலை. வாணி ஊருக்குப் போயிருந்தா. போன் வழியாக் கண்ணு வருமான்னு பாத்தேன், நீங்களும் பிரதீப்பும்தான பேசினீங்க. உங்க வீட்டு வாரிசுக்கு நீங்களே எதுக்குக் கெடுதல் நெனைக்கப் போறீங்க? கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். அன்னைக்கு அவளை நெனைச்சு நெனைச்சுப் பூரிச்ச ஆள் இந்த வீட்டுல ஒருத்திதான்.

பெத்தவ கண்ணே பொல்லாத கண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அப்பத்தான் ஒவ்வொண்ணா வெளங்குச்சு. வாணி பொங்கல் கொண்டாந்த அன்னைக்கு நான் எங்க இருந்தேன்? இங்கதான். நங்கையா வந்தப்ப? பொண்ணு பாக்க வந்தப்ப, ஜோடிப் பொருத்தம் பாத்து மொதல்ல பூரிச்சது ஆரு? அதுக்கும் முன்னால, அவர் போன அன்னைக்கு? ஒரு கலியாணத்துக்குப் போகோணும்னு புதுச் சட்டை போட்டுட்டு நின்னார். ரிட்டையர் ஆன மனுசன், தலை நரைச்சுப்போயி, சட்டைப் பொத்தானைப் போட்டுட்டு நிக்கறார். நான் சமையக்கட்டு வாசல்ல இருந்து பாத்து, இன்னும் புது மாப்பிள்ளையாட்டத்தான் இருக்கறார்னு மனசுக்குள்ள நெனைச்சேன். வாய்விட்டுக் கூடச் சொல்லலைங்க. வெறுமனே பாத்தேன். பாத்த பார்வையோட அவர் கட்டில்ல சாஞ்சார்.

இல்லைன்னு சொல்லாதீங்க. சும்மா என்ற மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. மீனுக்குத் தீனி அளவுக்கு மேல போச்சுன்னா அது வாந்தி எடுக்கட்டும், எதுக்குச் சாகோணும்? நீங்களும் பிரதீப்பாட்டமே பேசறீங்க.

இப்பச் சொல்லுங்க, அவளை இங்க எப்படி வரச் சொல்றது? காலையில எந்திரிச்சா அவ மூஞ்சிலதான் முழிப்பேன். அவ சோறு திங்கறதைப் பாப்பேன். வயித்துல புள்ளை அசையுதும்மான்னு என்ற கையப் புடிச்சு வெப்பா. நான் பாக்காம இருப்பனா? என்னால முடியாதுங்க. தொட்டியில மிச்சம் இருக்கறது ரெண்டே மீன், அதுக எத்தனையத் தாங்கும்? உங்களைத் தள்ளி உக்காரச் சொன்னேனே, இந்த ரெண்டும் என்ற கண்ணோட போராடிட்டு இருக்குதுங்க, உங்களதும் சேர வேண்டாம்னுதான். பிரசவத்தை நீங்களே பாத்துக்கோங்க. ஊர் மொறை, அது இதுன்னு ஆராச்சும் கேட்டா, அவ ஆத்தா கல்நெஞ்சுக்காரின்னு சொல்லிப்போடுங்க. நான் வந்து மறுத்துப் பேச மாட்டேன்.

என்னங்க? ஆரு? கார்ல அவளும் வந்திருக்கறாளா? கீழயா இருக்கறா?

ஏனுங்க சம்மந்தியம்மா, வந்ததும் சொல்லக்கூடாதுங்களா? இத்தனை நேரமா அவளைக் கீழ உக்கார வெச்சுப்போட்டு நான் இங்க கதை பேசிட்டிருக்கறேன். வேண்டாம், போன் பண்ணாதீங்க. மாசமா இருக்கறவ, படியேற வேண்டாம். நான் சொன்னதையும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா, அட மண்டு அம்மான்னு சிரிச்சுட்டு விறுவிறுன்னு ஏறி வந்துருவா, அவளுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. அம்மாவுக்குக் கோவம் தீரலைன்னே சொல்லுங்க. கோவம்னா என்னிக்காவது தீரும்னு இருப்பா.

கண்ணைத் தொடைச்சுக்கோங்க. அழுத மூஞ்சியோட போனா அவ பயந்துக்குவா.

ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. காரு எங்க நிக்குது? பொட்டிக்கடைகிட்டயா? அப்படின்னா இந்தச் சன்னல்ல இருந்து தெரியும். அவளைச் சித்த நேரம் கீழ எறக்கி நிறுத்துங்க. உக்காந்தே வந்தது, கால் மரத்துப்போயிருக்கும் நில்லு கண்ணுன்னு சொல்லுங்க. மூஞ்சியும் வயிறும் அக்கட்டால பாத்து இருக்கோணும், ரோட்டுப் பக்கம். நீங்க அவ முன்னால நின்னு ஏதாச்சும் பேச்சுக் குடுங்க, இந்தப் பக்கம் திரும்பாமப் பாத்துக்கோங்க. நான் முதுகை மட்டும் பாத்துக்கறேன். முதுகுல பட்டா ஒண்ணும் ஆகாதில்லைங்க?